வெளியில் போட்ட பூட்டு

மேடம்,

முதலில் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். யாரைப் பார்த்தாலும் அங்கிருந்துதான் எனக்குப் பேச்சு ஆரம்பிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

பெரிய பேரன் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். அவன் அப்பா பதினெட்டு வருஷம் நின்றுகொண்டே வேலை செய்த லைனில் இவன் நடந்துகொண்டே வேலை வாங்குகிறான். சின்னவன் டிப்ளமா முடித்து ஓசூரில் இருக்கிறான், மாதம் ஒரு தடவை பைக்கிலேயே வந்துபோகிறான். மகள் வயிற்றுப் பேத்தி வேலூரில் நர்சிங் மூன்றாம் வருஷம். அவள் தங்கை பத்தாவதில் கணக்குக்கு நூற்றுக்கு நூறு. அந்த மார்க் ஷீட்டை லேமினேஷன் போட்டு சுவரில் மாட்டியிருக்கிறோம்.

கடைசியாக திவ்யா. உங்களுக்குத் தெரிந்த திவ்யா. பி.எட். முடித்துவிட்டு மேல்விஷாரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு டீச்சராக இருக்கிறாள். எங்கள் வம்சத்தில் முதல் டீச்சர். நான் ஐந்தாவதோடு நின்றவள், அவள் ஐந்தாவதுக்குப் பாடம் எடுக்கிறாள். இதை நான் சொல்லாத வீடு எங்கள் தெருவில் இல்லை.

இந்தக் கடிதத்தை எழுத வைத்ததும் அவள் கொண்டுவந்த ஒரு தாள்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏலகிரிக்கு இரண்டு ராத்திரி தங்கும்படி கூட்டிப்போகிறார்களாம். பொறுப்பு இவளுக்கு. போன வியாழக்கிழமை சாயந்திரம் நான் மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தாளைப் படித்துக் காட்டினாள்.

“ஆயா, எத்தினி ரூல் பாரு. புள்ளைங்க படுக்கற ரூமுக்கு ரெண்டு வழி இருக்கணுமாம். ஜன்னல் தொறக்கற மாதிரி இருக்கணும். ஒரு லேடி டீச்சர் உள்ளயே படுக்கணும். யாருக்கு இன்னா வியாதி, இன்னா மருந்துன்னு முன்னாடியே எழுதி வாங்கணும். வெளிய பூட்டவே கூடாதாம்.”

“பூட்டாம எப்பிடிடி?” என்று கேட்டது என் வாய்தான். பழக்கம்.

“இன்னா ஆயா நீயே கேக்கற? நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப அந்த மேடம் வெளிய பூட்டினதாலதானே என் உசுரு போவப் பாத்துச்சு? சனிக்கிழமை பேரண்ட்ஸ் மீட்டிங். அந்தக் கதையத்தான் சொல்லப் போறேன். பொறுப்பில்லாத ஒருத்தர்கிட்ட புள்ளைங்கள உட்டா இன்னா ஆவும்னு எல்லாருக்கும் புரியட்டும்.”

உரித்துக்கொண்டிருந்த மொச்சை கையிலேயே நின்றுவிட்டது. எழுந்து அடுப்பங்கரைக்குப் போய், அடுப்பில் ஒன்றும் இல்லாமலே நின்றுகொண்டிருந்தேன்.

அந்தக் கதையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான், மேடம்.

பதிமூன்று வருஷம் ஆகிறது. ஷூ கம்பெனியில் பசை ஒட்டுகிற பேஸ்டிங் டேபிளில் சொல்யூஷன் வாடை ஒத்துக்கொள்ளாமல் என்னை கேண்டீனுக்கு மாற்றியிருந்தார்கள். மே மாத லீவில் கம்பெனி, தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஆறு நாள் கேம்ப் நடத்தியது. விளையாட்டு, இங்கிலீஷ் பேச்சு, மூன்று வேளைச் சாப்பாடு. சமைக்கவும் ராத்திரியில் பெண் பிள்ளைகளோடு படுத்துக்கொள்ளவும் என்னை அனுப்பினார்கள். ஆம்பூர் தாண்டி ஆற்றோரம் இருந்த பழைய தோல் கிடங்குதான் இடம். வெள்ளையடித்து, ஃபேன் போட்டு, ரோட்டுப் பக்கம் புதிதாக இரண்டு ஜன்னல் வைத்திருந்தார்கள். ஆனாலும் மத்தியானத்தில் சுவர் சூடேறினால் பச்சைத் தோல் வாடை மெல்லக் கிளம்பும். திவ்யாவோடு சேர்த்து இருபத்தாறு பெண் பிள்ளைகள் அங்கே படுத்தார்கள். பையன்கள் எதிரே இருந்த ஷெட்டில், விளையாட்டு சாரோடு.

நீங்கள் அந்த கேம்புக்கு மேடமாக வந்தீர்கள். என் மகளைவிடச் சின்ன வயசு. கழுத்தில் விசில், கையில் ஆம்பிளைகள் கட்டுகிற பெரிய வாட்ச். பெருக்குகிற சரோஜா என் காதில், “இன்னா ஆயா, ட்ராபிக் போலீஸ அனுப்பிட்டாங்க?” என்றாள். நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

வந்ததும் நீங்கள் டீ கூடக் குடிக்கவில்லை. ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தீர்கள். கிணற்றுக்குக் கம்பி மூடி போடச் சொன்னீர்கள். கேஸ் சிலிண்டரை வெளியே வைக்கச் சொன்னீர்கள். கக்கூசுக்குப் போகிற வழியில் பல்பு, வாளியில் மணல். பின்பக்கம் இன்னொரு கதவு வேண்டும் என்று கம்பெனிக்கு எழுதிக் கேட்டீர்கள், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் “சரிங்க மேடம், சரிங்க மேடம்” என்றேன். அந்த “மேடம்” என்கிற சொல்லில் மரியாதை இல்லை. நான் நாலு பிள்ளை பெற்று வளர்த்தவள், இந்தப் பெண் எனக்குச் சொல்ல வந்துவிட்டாள் என்கிற கேலிதான் இருந்தது. இன்றைக்கு எழுதுகிற மேடம் வேறே.

கடைசியாக அந்த இரும்புக் கதவுக்கு வந்தீர்கள். வெளிப்பக்கம் கொண்டியில் பெரிய பூட்டு தொங்கியது.

“இது தோலுக்கு வெச்ச கதவு ஆயா. உள்ள இருக்கறது வெளிய போய்டக் கூடாதுன்னு வெச்சது. தோலு மூச்சு விடாது. புள்ளைங்க விடுவாங்க.”

பூட்டைக் கழற்றி ஆபீசுக்கே அனுப்பிவிட்டீர்கள். “நீங்க உள்ள, கதவுகிட்ட படுத்துக்குங்க. உள்பக்கம் தாழ்ப்பாள் போதும். ஜன்னல் தொறந்தே இருக்கட்டும், வலை அடிச்சிருக்கு” என்றீர்கள்.

எங்களுக்கு அது புரியவே இல்லை, மேடம். எங்கள் தெருவில் அம்மாவும் அப்பாவும் ஷிப்டுக்குப் போனால் பிள்ளைகளை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டுத்தான் போவார்கள். நானும் என் பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தேன். சாவி முந்தானையில் இருந்தால்தான் டேபிளில் கை ஓடும். பெண் பிள்ளை பூட்டுக்குள் இருந்தால் பத்திரம். அதற்கு மேல் யோசிக்க எங்களுக்கு நேரமும் இருந்ததில்லை. பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட அம்மாக்கள் எல்லாரும் உங்களிடம் கேட்கப் பயந்து என்னிடம் வந்து, “வெளிய பூட்டுவீங்க இல்ல ஆயா?” என்று கேட்டார்கள். “நான் இருக்கறேன்ல, போங்கம்மா” என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினேன்.

அதே நாள் காலையில் இன்னொன்றும் செய்திருந்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் வைத்துக்கொண்டு கேட்டீர்கள். இழுப்பு உண்டா, வலிப்பு உண்டா, என்ன மாத்திரை. திவ்யாவின் முறை வந்தபோது, “என் பேத்திக்கு ஒரு கொறையும் இல்லீங்க, கல்லு மாதிரி இருக்கா” என்றேன். அவளுக்கு நாலு வயசிலிருந்து மூச்சிழுப்பு. வாயில் வைத்து உறிஞ்சுகிற பஃப் மருந்து என் துணிப் பையின் அடியில் இருந்தது. பெண் பிள்ளைக்கு இழுப்பு என்று ஒரு தாளில் ஏறிவிட்டால் அது கம்பெனி முழுக்கப் பரவும், நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும். யாரிடமும் சொல்லாதே என்று அவள் கன்னத்தைக் கிள்ளி வைத்திருந்தேன். கைநாட்டு வைக்காத பெண்பிள்ளை என்கிற கர்வத்தோடு, கீழே என் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். “அழகா எழுதறீங்க ஆயா” என்றீர்கள்.

முதல் ராத்திரி நீங்கள் சொன்னபடி உள்ளே படுத்தேன், தூக்கம் வரவில்லை. லாரி சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தேன். மறுநாள் என் மகன் சேகர், திவ்யாவின் அப்பா, பிள்ளையைப் பார்க்க முறுக்கு வாங்கிக்கொண்டு வந்தான். “பூட்டு இல்லியா? இன்னாமா பேஜாரா கீது?” என்றான். வீட்டுப் பூட்டை எடுத்துவரச் சொன்னேன். அன்று ராத்திரி நீங்கள் தலைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிவிட்டு உங்கள் ரூமுக்குப் போனீர்கள். பிள்ளைகள் தூங்கியதும் ரோட்டுப் பக்க ஜன்னல்களைச் சாத்திவிட்டு வெளியே வந்து பூட்டினேன். சமையற்கட்டு வாசலில் காற்றாடப் படுத்தேன். விடிவதற்குள் எழுந்து திறந்துவிட்டேன். உங்களுக்குத் தெரியவில்லை. நன்றாகத் தூங்கினேன், மேடம். அதை நினைத்தால்தான் இப்போது தூக்கம் வருவதில்லை.

அடுத்த ராத்திரியும் பூட்டினேன். விடியற்காலையில் பால்காரன் வரவில்லை. தூக்கை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டு முக்குக்குக் கிளம்பினேன். திறந்துவிட்டுப் போகலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். லாரிக்காரர்கள் டீக்கு நிறுத்துகிற நேரம், திரும்பி வந்து திறக்கலாம் என்று சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தேன்.

பால் வாங்கக் கொஞ்ச நேரம்தான் ஆனது. ஆனால் கடைக்காரர், “பேத்தி கேம்புக்கு வந்திருக்காளாமே, நல்லாப் படிக்கறாளா?” என்று கேட்டார். எனக்கு அது போதாதா? ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கியதையும் திருக்குறள் ஒப்பித்துத் தட்டு வாங்கியதையும் நின்று நிதானமாகச் சொன்னேன். அவர் டீ கொடுத்தார். குடித்துக்கொண்டே பெரியவனைப் பற்றியும் சொன்னேன்.

திரும்பி வரும்போது விசில் கேட்டது. விளையாட்டுக்கு ஊதுகிற மாதிரி இல்லை. விடாமல் கேட்டது. தூக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். விளையாட்டு சார் விசிலை ஊதி ஊதி கம்பெனி வேன் டிரைவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் அம்மிக் குழவியை இரண்டு கையாலும் தூக்கி அந்தப் பூட்டின்மேல் போட்டுக்கொண்டிருந்தீர்கள். உள்ளே பிள்ளைகள் கதவைத் தட்டி, “மேடம், திவ்யா பேச மாட்டேங்கறா” என்று அலறினார்கள். சாவி என் முந்தானையில் இருக்கிறது. முடிச்சை அவிழ்க்க என் விரல்களுக்கு வரவில்லை. நாலாவது அடியில் பூட்டு விட்டது.

திவ்யா பாயில் உட்கார்ந்து தோளைத் தூக்கித் தூக்கி இழுத்துக்கொண்டிருந்தாள். உதடு ஊதா நிறம். அந்தக் கிடங்கின் புழுக்கம் முகத்தில் அடித்தது. சாத்திய ஜன்னலைப் பார்த்தீர்கள், போய்த் திறந்தீர்கள், வந்து அவளை உங்கள் நெஞ்சில் சாய்த்து நிமிர்த்தி உட்கார வைத்தீர்கள்.

“இதுக்கு முன்னாடி இருந்துச்சா ஆயா?”

நான் ஓடிப்போய்ப் பையின் அடியிலிருந்து பஃப்பை எடுத்துவந்து நீட்டினேன். பஃப்பைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். ஒன்றும் கேட்காமல் அவள் வாயில் வைத்தீர்கள்.

வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுக்க வேனில் அவளை மடியில் வைத்துக்கொண்டு, “மெதுவா இழு, மெதுவா உடு, நான் எண்றேன் பாரு” என்று எண்ணிக்கொண்டே வந்தீர்கள். பிழைத்தாள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், மிச்சத்தைச் சொல்லவில்லை. வராண்டாவில் உங்கள் பையிலிருந்து உடைந்த பூட்டை எடுத்து என் கையில் வைத்தீர்கள். பூட்டின் முதுகில் சேகர் சின்ன வயசில் ஆணியால் கீறிய அவன் பெயர் இருந்தது.

“இது உங்க வீட்டுது. வெச்சுக்குங்க ஆயா.”

அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், ஆறியிருக்கும்.

மறுவாரம் ஆபீசில் கூப்பிட்டு விசாரித்தார்கள். மேனேஜர் என்னைத்தான் முதலில் கேட்டார்.

“ஏம்மா, பூட்டு யாரு போட்டது?”

“எனக்குத் தெரியாதுங்க. சாவியெல்லாம் மேடம்கிட்டதான் இருக்கும்.”

இதைச் சொல்லும்போது நீங்கள் எனக்கு ஒரு முழம் தூரத்தில் நின்றிருந்தீர்கள். உங்கள் கையிலிருந்த ஃபைலில் நான் கையெழுத்துப் போட்ட தாள் இருந்தது. அதை எடுத்து நீட்டினாலே போதும். நான் கீழே பார்த்துக்கொண்டு, இப்போது நீட்டுவீர்கள், இப்போது நீட்டுவீர்கள் என்று காத்திருந்தேன்.

“அந்த எடத்துக்கு நான்தான் பொறுப்பு சார்” என்றீர்கள். “ரெண்டு ராத்திரி பூட்டியிருக்கு. ஒரு தடவ எழுந்து வந்து கதவத் தள்ளிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல.”

உங்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நான் கேண்டீனில் ரிட்டையர் ஆகும்வரை இருந்தேன். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம், மேடம் பூட்டிவிட்டுத் தூங்கிவிட்டார்கள், நான் பஃப் கொண்டுபோய்க் காப்பாற்றினேன் என்றேன். முதல் தடவை சொல்லும்போது நாக்கு குழறியது. பத்தாவது தடவைக்கு நானே அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த திவ்யா என்ன நடந்தது என்று கேட்டபோது அவளுக்கும் அதையே சொன்னேன்.

இரண்டு வருஷம் கழித்து வேலூர் பஸ் ஸ்டாண்டில் உங்களைப் பார்த்தேன். ஒதுங்கிப்போகப் பார்த்தேன், நீங்களே கிட்டே வந்துவிட்டீர்கள். இளைத்திருந்தீர்கள்.

“திவ்யாவுக்கு இழுப்பு எப்பிடி இருக்கு ஆயா? பஃப் கையில வெச்சிருக்காளா?”

நான் அவள் வாங்கிய மார்க்கைச் சொன்னேன். பேச்சுப்போட்டியில் வாங்கிய கப்பைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுக்கொண்டீர்கள். பிறகு, “ஸ்கூல்ல டீச்சர்கிட்ட சொல்லி வையுங்க. இழுப்பு இருக்கறது குத்தமில்ல” என்றீர்கள். பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். ஆம்பூர் பஸ் வந்தது, கூட்டம் கம்மியாக இருந்தும், இடம் போய்விடும் என்று ஓடி ஏறிக்கொண்டேன்.

போன வருஷம் சரோஜாதான் சொன்னாள், கிட்னி கெட்டுப்போய் நீங்கள் காலமாகிவிட்டீர்கள் என்று. குடியாத்தத்தில் உங்கள் தம்பி இருக்கிறார் என்று விலாசமும் எழுதிக் கொடுத்தாள். அப்போதும் நான் போகவில்லை. இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியையும் உங்களிடம்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தப் பூட்டை எடுத்தேன். திவ்யா நோட்டு திருத்திக்கொண்டிருந்தாள். நோட்டின்மேலேயே வைத்தேன்.

“இன்னா ஆயா இது?”

“நாளிக்கு நீ சொல்லப் போறியே, அந்தப் பூட்டு.”

திருப்பிப் பார்த்தாள். அவள் அப்பா பெயரைப் படித்தாள்.

“அப்பா பூட்டு எப்பிடி அங்க போச்சு?”

சொன்னேன். தாளில் கையெழுத்துப் போட்டதிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விடாமல் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“அப்போ பதிமூணு வருஷமா அவங்கள நான் திட்டிக்கினு இருந்தேனே ஆயா. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லார்கிட்டயும் சொன்னேனே.”

அன்று ராத்திரி நான் போட்ட தோசையை அவள் தொடவில்லை.

சனிக்கிழமை மீட்டிங் முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள். “ஒரு அம்மா எழுந்து இன்னா கேட்டாங்க தெரியுமா? பொம்பளப் புள்ளைங்க டீச்சர், வெளிய பூட்டுவீங்க இல்லன்னு.”

“நீ இன்னா சொன்ன?”

“பூட்ட மாட்டேன்னு சொன்னேன். ஏன்னும் சொன்னேன். எங்க ஆயா பேர வெச்சே சொன்னேன். பாசத்துலதான் பூட்டினாங்க, அந்தப் பாசத்துல நான் செத்திருப்பேன்னு சொன்னேன். அப்புறம் மூணு அம்மாங்க கிட்ட வந்து, இழுப்பு இருக்கு, வலிப்பு இருக்கு, முன்னாடி எழுதலன்னு சொல்லிட்டுப் போனாங்க.”

ஐம்பது பேருக்கு முன்னால் என் பேத்தி என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். இத்தனை வருஷம் அவள் மேடையில் என் பெயரைச் சொல்லவேண்டும் என்று நான் ஆசைப்பட்டது இப்படி இல்லை. ஆனால் அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அன்றிலிருந்து கோயிலுக்குப் போகும்போதுகூட அந்த மேல்விஷாரம் பள்ளிக்கூடத்து அம்மாக்கள் யாராவது எதிரே வருவார்களோ என்று தலையைக் குனிந்துகொள்கிறேன். குனியவேண்டிய தலைதான்.

பிறகு அவள் கேட்டாள், “அந்த மேடம் போட்டோ இருக்கா ஆயா?”

சுவரில் ஒரு போட்டோ இருக்கிறது. பூட்டு உடைந்ததற்கு முந்தின நாள் கேம்பில் எடுத்தது. திவ்யா ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்து டிபன் பாக்ஸை உயர்த்திப் பிடித்திருக்கிறாள். பக்கத்தில் நீங்கள் இருந்தீர்கள், அப்போதும் பிள்ளைகளை எண்ணிக்கொண்டு. விசாரணை முடிந்த மாதம் ஸ்டுடியோவுக்கு எடுத்துப்போய், இந்தப் பக்கம் வெட்டிவிட்டு பிள்ளையை மட்டும் பெரிசாக்கிக் கொடு என்றேன். அவன் எவ்வளவு வெட்டியும் திவ்யாவின் தோள்மேல் ஒரு கை நின்றுவிட்டது. பெரிய வாட்ச் கட்டிய கை.

அவள் அதைக் கழற்றித் துடைத்துக் கிட்டே வைத்துப் பார்த்தாள். “இத்தினி வருஷமா இது உன் கைன்னு நெனச்சிக்கினு இருந்தேன்” என்றாள்.

நான் எந்தக் காலத்தில் வாட்ச் கட்டினேன், மேடம்?

உடைந்த பூட்டு இப்போது என் தலைமாட்டில் இருக்கிறது, பெட்டிக்குள் திரும்ப வைக்கவில்லை. ராத்திரி எழுந்தால் பேரப்பிள்ளைகள் படுத்திருக்கிற அறைக் கதவைக் கையால் ஒரு தள்ளு தள்ளிப் பார்க்கிறேன், திறக்கிறதா என்று. நீங்கள் செய்யத் தவறினேன் என்று சொன்ன ஒரே வேலை அது. அதை நான் செய்துகொண்டிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் குடியாத்தம் விலாசத்துக்குத்தான் போடுகிறேன். படிப்பது உங்கள் தம்பியாகத்தான் இருக்கும். தம்பி, உங்கள் அக்கா பூட்டவில்லை. பூட்டியது நான். இதை உங்கள் வீட்டில் எல்லாருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். என் வீட்டுக்கு வந்து என்னை நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்றாலும் வாருங்கள். எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். அக்காவின் போட்டோ ஒன்று, புதிதாகப் பிரிண்டு போட்டு, தபாலில் அனுப்புங்கள். முகம் முழுசாகத் தெரியவேண்டும். கழுத்தில் விசில் இருந்தால் ரொம்ப நல்லது.